வாலைத் தூக்கிய கொக்கு

“அதோ பாரு, கொக்கு! தலையைத் தண்ணிக்குள்ள விட்டுட்டு வாலை மட்டும் மேல தூக்கிக்கிட்டு நிக்குது!”

“அப்பா, அது வாத்து,” என்றாள் மகள், தேநீர்க் கோப்பையைத் தோட்டத்து மேசையில் வைத்தபடி. “கொக்குக்கு ஏதுப்பா அவ்வளவு குட்டைக் காலு?”

“ஓஹோ, வாத்தா?” அப்பா தலையைச் சொறிந்துகொண்டார்.

வாத்து ஏன் அப்படிக் குப்புறக் கவிழ்கிறது, தண்ணீருக்கு அடியிலிருக்கும் பாசியைக் கழுத்து எட்டும் மட்டும் மேய்ந்து முடிக்கும் வரை கவிழ்ந்தபடியே நிற்க எப்படிக் காலால் துழாவிக்கொண்டே இருக்கிறது என்றெல்லாம் ஏரியை ஒட்டிய இதே கொல்லையில் உட்கார்ந்து மகளுக்கு ஆறு வயதில் விளக்கியவர் அவர். முப்பத்து நான்கு வருடம் உயிரியல் ஆசிரியராக இருந்தவர்.

பக்கத்தில் சக்கர நாற்காலியில் அம்மா. மூன்று மாதத்துக்கு முன் பக்கவாதம். கைக்குக் கொஞ்சம் அசைவு திரும்பிவிட்டது. சொல்வதெல்லாம் புரிகிறது. பேச்சுதான் வரவில்லை. அம்மாவைக் குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, வேளைக்கு ஏழு மாத்திரை பிரித்துக் கொடுப்பது எல்லாம் அப்பா ஒருவர்தான். அவருக்கும் மறதி வந்துவிட்டால்? ஒரு வேளை மாத்திரையை இரண்டு வேளை கொடுத்துவிட்டால்?

காலையில்கூட மகள் மாத்திரை டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்த்தாள். இதுவரை சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவள் வந்த நான்கு நாளில் ஒரு பறவையின் பெயரைக்கூட அவர் சரியாகச் சொல்லவில்லை. நாளை மறுநாள் அவள் வேலைக்குத் திரும்பியாக வேண்டும்.

“அந்த வாத்து மேல ஒரு சொட்டுத் தண்ணிகூட ஒட்டலையே, ஏம்பா?” என்று சோதித்துப் பார்த்தாள்.

“பயம்தான். பயத்துல உடம்பு சிலிர்த்துக்குதா, தண்ணி தானா வழிஞ்சிரும்.”

“ஐயோ அப்பா! வாலுக்குப் பக்கத்துல எண்ணெய்ச் சுரப்பி இருக்கு. அலகால அதை எடுத்து இறகு பூரா பூசிக்குது. நீங்க சொல்லிக் குடுத்ததுதானே!”

“நானா சொன்னேன்?”

“சரி, அந்தக் கிளையில நீலமா ஒண்ணு உக்காந்திருக்கே, அது என்ன?”

அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிளையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். “கிளி,” என்றார்.

“மீன்கொத்திப்பா!” அவள் குரல் உடைந்தது. “உள்ள வாங்க, கொஞ்சம் பேசணும்.”

“உங்கம்மாவைத் தண்ணிக்கரையில தனியா விட்டுட்டா? எதுவா இருந்தாலும் இங்கயே சொல்லு.”

“நாளைக்குக் காலையில உங்களை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். மறதிக்குப் பாக்கறவர். அவர் என்ன சொன்னாலும் சரி, ரெண்டு பேரும் என்கூட வந்துடுங்க. இந்த வீட்டைப் பூட்டிடலாம்.”

அப்பாவின் முகம் வெளுத்தது. “உன் வீடு எத்தனாவது மாடி?”

“பதினொண்ணு.”

“அங்க என்ன பறவை வரும்?”

“புறா.”

“வேற?”

“புறாதான்பா. போதாதா?”

“ஒரே ஒரு புறாவை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?” என்றார். அம்மாவின் சால்வையை இழுத்துவிட்டார். அவசர அவசரமாகத் தண்ணீர்ப் பக்கம் திரும்பினார். “அந்தக் கட்டையில பாரு, கறுப்பா ஒரு கழுகு! இறக்கையை விரிச்சுக் காட்டி மீனையெல்லாம் மிரட்டுது!”

மகள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

நீர்க்காகத்தின் இறகு வாத்தின் இறகைப் போல அல்ல, நனையும். நனைந்து கனத்தால்தான் அது சுலபமாக மூழ்கி மீனைத் துரத்த முடியும். அதனால்தான் மேலே வந்ததும் கொடியில் துணி போட்டதுபோல இறக்கையை விரித்துக் காயவைக்கிறது. இதுவும் அவர் சொல்லிக் கொடுத்ததுதான். இனி திருத்தி என்ன ஆகப்போகிறது? முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வாத்துகள் சேற்றில் சலப் சலப்பென்று அலசிக்கொண்டிருந்தன.

“கழுகேதான்,” என்றார் அப்பா, இன்னும் சத்தமாக. “சந்தேகமே கிடையாது.”

“நீ… நீர்க்…”

மகள் வெடுக்கென்று திரும்பினாள். அம்மாவின் உதடு கோணியிருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நடுங்கும் விரல் அந்தக் கட்டையைச் சுட்டியது.

“நீர்க்… காகம்.” அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. “மண்டு!”

அப்பா அப்படியே புல்லில் உட்கார்ந்து, அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். ஓடி வந்த மகளைச் சற்று நேரம் கழித்துத்தான் நிமிர்ந்து பார்த்தார்.

“நான் ஒரு தப்பு சொன்னா, கல்யாணமான நாள்லேருந்து இவளால வாயை மூடிக்கிட்டு இருக்க முடிஞ்சதில்லம்மா. அதை நம்பித்தான் மூணு மாசமா இங்க உக்காந்து தப்பு தப்பாவே சொல்லிட்டு இருக்கேன். போன வாரம்தான் உதடு துடிக்கவே ஆரம்பிச்சுது… அந்த நேரம் பார்த்து நீ வந்து, இவ வாயைத் திறக்கறதுக்குள்ள முந்திக்கிட்டு நீயே திருத்திட்டு இருந்தே!”