கோடுக்குக் கீழே இருந்த வரி

சாரல் ஜன்னல் வழியே மடிக்கணினிவரை தெறிக்கிறது. சாத்துவதற்கு லோகநாயகிக்குக் கை எழவில்லை. போனில் கடையத்திலிருந்து பேச்சிராஜ், ரத்ததானக் குழுவின் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் முன்பின் தெரியாத புரோகிராமர், அழுகிறான். "அக்கா, உங்க வெப்சைட்ல இருந்த புரோகிராம் கோடைத்தான் அப்படியே காப்பி பண்ணி ரன் பண்ணுனேன். ரத்தம் குடுக்கவங்க நம்பர் பூராவும் அழிஞ்சிட்டு. ஆஸ்பத்திரியில புள்ளத்தாச்சிக்கு ரத்தம் கேக்காவ, நான் யாரைக் கூப்பிட?" "பேக்கப் எடுக்கலையா தம்பி?" என்கிறாள். "அத நீங்க கீழல்லா எழுதியிருக்கிய!" அவள் எழுதிய குறிப்பு திரையில் விரிகிறது. பட்டியலைத் துடைத்துப் புதிதாக அமைக்கும் மூன்று வரி கோடு, அதன் மூலையில் காப்பி பட்டன், எல்லாவற்றுக்கும் கீழே பொடி எழுத்தில், 'ரன் செய்யுமுன் பேக்கப் எடுக்கவும்.' தெருவில் ஒரு வேன் பாட்டு அலற ஐந்தருவிக்குப் போகிறது. அவள் அந்த வரியை வெட்டிக் கோடுக்கு மேலே ஒட்டுகிறாள். மாற்றம் சேமிக்கப்படுவதைக் காட்டும் வட்டம் திரையில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இன்று எத்தனை பேர் காப்பி செய்தார்கள் என்று காட்டும் ஓர் எண் பட்டனுக்குப் பக்கத்தில், நாற்பத்தொன்று. வட்டம் நிற்பதற்குள் அது நாற்பத்திரண்டாகிறது.