மேல் சத்தம்

"ஸ்பீக்கர் பின்னாடி மேலையும் கீழையும் சேர்க்கற அந்தப் பித்தளைத் தகட்டைக் கழட்டினியா இல்லியா? அது இருக்கும்போது ஸ்விட்சைப் போட்டா ஆம்ப்ளிஃபயர் புகைஞ்சுடும்."

"கழட்டிட்டேன் சாமி. நாலையும் கழட்டிட்டேன்," என்றாள் அவர் மனைவி, ஸ்பீக்கர் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே தலையை விட்டபடி.

அவர் மடியில் தலையணையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாலு மாதமாகப் புற்றுநோய்க்கு ஊசி மருந்து ஏற்றியதில் அவர் கையில் ஸ்க்ரூடிரைவர் நிற்கவில்லை. நாளைக் காலை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், பெரிய ஆபரேஷன். போவதற்குள் ஒரே ஒரு தடவை இதைக் கேட்டுவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

'இது' என்பது ஆறு சேனல் உள்ள முப்பது வருடம் பழைய ஆம்ப்ளிஃபயர். ரேடியோ ரிப்பேர்க்காரர் எங்கோ தேடிப் பிடித்துக் கொடுத்தது. முன்பக்கம் மாப்பிள்ளை மாதிரி பளபளப்பு. பின்பக்கம் எண்கள் பாதி அழிந்திருந்தன.

"ஒரு பெட்டிக்கு எதுக்குங்க ரெண்டு ஜோடி ஒயர்?"

"கீழ்ப் பாதி கனத்த சத்தத்துக்கு, மேல் பாதி மெல்லிசான சத்தத்துக்கு. ஒரே சேனல் ரெண்டையும் இழுத்தா ரெண்டும் அரைகுறை. ஆளுக்கொரு சேனல் குடுத்துட்டா அவனவன் வேலையை அவனவன் பாப்பான்."

"இந்த வீட்டுல ஆபீசையும் அடுப்படியையும் ஒருத்திதான் இழுக்கறா. அவளுக்கு ஒரு சேனல் குடுக்கத் தோணல."

"என்ன?"

"ஒண்ணுமில்ல. அடுத்தது எங்க சொருகணும்?"

"கீழ் ஒயர் ஒண்ணு, ரெண்டுல. மேல் ஒயர் மூணு, நாலுல. அந்த முதல் நாலுக்குத்தான் பாட்டு வரும். பாத்துச் சொருகு."

பார்த்துத்தான் சொருகினாள். பாட்டு விஷயத்தில் அவளை அவர் நம்பியதே இல்லை. ரிப்பேர் கடையில் அவருக்குப் பாம்புக்காது என்று பெயர். ரெக்கார்டில் ஒரு தூசி இருந்தால் அடுத்த அறையிலிருந்து சொல்வார். கல்யாணமான புதிதில், பாட்டுக்கு இடைஞ்சல் என்று அவள் வளையலைக் கழற்றி வைக்கச் சொன்ன மனிதர்.

பாட்டு ஆரம்பித்தது. அவர் ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்தார்.

"நீ முதல்ல சொல்லு. எப்படி இருக்கு?"

போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு யாரோ பாடுவது போலத்தான் அவளுக்கு இருந்தது. இதற்கா இத்தனை பாடு என்று தோன்றியது. ஆனால் அவளுக்கு என்றைக்குப் பாட்டு தெரிந்திருக்கிறது? அந்த முகத்தைப் பார்த்து வேறு எதைச் சொல்வது?

"கண்ணாடி மாதிரி இருக்குங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "ஆமா, கண்ணாடியேதான். அந்த மணிச் சத்தம் பாரு, தனியா நிக்குது."

மணி எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை. தலையை ஆட்டி வைத்தாள். நாலு பாட்டு ஓடியது. போதும் என்று அவரே சொன்னார்.

ஆஸ்பத்திரிக்குப் போன ஒன்பதாம் நாள், அங்கேயே, அவர் கண்ணை மூடினார்.

இரண்டு மாதம் கழித்து ரிப்பேர்க்காரர் வந்தார். துக்கம் விசாரிக்கக்கூட வராதவர், வந்ததும் ஆம்ப்ளிஃபயரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணன் நினைவா ஒரு பாட்டுப் போடட்டுமா அண்ணி?" என்று எழுந்தார்.

பாட்டு தொடங்கிய மூன்றாவது வினாடியில் முகத்தைச் சுளித்தார். டார்ச்சை அடித்துப் பின்பக்கம் குனிந்தார்.

"மேல் ஒயர் அஞ்சுலயும் ஆறுலயும் இருக்கு அண்ணி. அதுல பாட்டே வராதே. அப்புறம் யாராவது மாத்தினாங்களா?"

"தூசி தட்டக்கூட நான் தொடல தம்பி. அன்னிக்குச் சொருகினது சொருகினபடிதான் இருக்கு."

"அண்ணன் கேட்டாரா இதை?"

"நாலு பாட்டு கேட்டாரு. மணிச் சத்தம் தனியா நிக்குதுன்னாரு."

"எந்த மணி? மேல் பாதிதான் வாயே திறக்கலையே! சின்னக் குழந்தைகூடச் சொல்லிடும். பாம்புக்காதுக்கு இது தெரியாம..."

அவளும் குனிந்து பின்பக்கத்தைப் பார்த்தாள்.

"ஒவ்வொரு ஊசிக்கு முன்னாடியும் டாக்டர் கேப்பாரு தம்பி. காது மந்தமாகுதா, இந்த மருந்து சிலருக்கு அப்படிப் பண்ணும்னு. இவரு 'என் பேரே பாம்புக்காது சார்'னு சிரிப்பாரு. டாக்டரும் சிரிப்பாரு. நானும் சிரிப்பேன்."

ரிப்பேர்க்காரர் டார்ச்சை அணைத்தார். "மாத்திச் சொருகிடட்டுமா?" என்று மெல்லக் கேட்டார். அவள் ஸ்விட்சை அணைத்தாள்.

இருபத்தெட்டு வருடத்தில் அவர் அவள் காதை நம்பியது அந்த ஒரு நாள்தான். அன்றைக்குப் பார்த்து அவள் பொய் சொல்லியிருந்தாள். மேல் ஒயர்கள் இன்னும் ஐந்திலும் ஆறிலும்தான் இருக்கின்றன.