ரம்புட்டானை முழுங்காதே

"ஏட்டி ஜோதி, முழுங்கிராத! முதல்ல அதை நல்லாப் பாக்கணும்."

"ரம்புட்டான்ல பாக்கதுக்கு என்னங்க இருக்கு?"

"டாக்டரம்மா சொன்னதை மறந்துட்டியா? பாத்து, தடவி, மோந்து, அப்புறந்தான் வாயில போடணும். மனசு வேற எங்கயாவது ஓடிச்சின்னா, திட்டாமக் கூட்டிட்டு வந்து இங்கனயே உக்கார வைக்கணும்."

குற்றாலம் மெயின் அருவிக்குப் போகிற வழியில், சாரலில் நனைந்துகொண்டு, நடுத்தர வயதுப் புருஷனும் பொண்டாட்டியும் ஆளுக்கொரு பழத்தை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றால் யார்தான் சும்மா இருப்பார்கள்? பழக்கடை இத்ரீஸ் பதறிப்போய், "என்ன அண்ணாச்சி, புழு கிழு இருக்கா?" என்றார்.

ஜோதிலட்சுமி களுக்கென்று சிரித்துவிட்டாள். செந்தில்வேலுக்கு அது போதும். கூடைப் பழத்தையும் வாங்கிவிடலாம் போலிருந்தது.

பின்னே? தெருவே கேட்கச் சிரிக்கிறவள், சித்திரையிலிருந்து மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பாள். நினைத்ததையே நினைத்து நினைத்து மனசு சோர்ந்துபோகிற டிப்ரஷன்தான் இது என்று செந்தில்வேல் முடிவுகட்டினார். டாக்டர் என்று வாயெடுத்தாலே, "எனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று சீறினாள்.

அதற்காகத்தான் அந்த மகா திட்டம். தென்காசியில் அவருக்குத் தெரிந்த ஒரே மனநல டாக்டரான அபர்ணாவைத் தனியாகப் போய்ப் பார்த்தார்.

"பேஷண்ட்னு என் பேரை எழுதிக்கிடுங்க. அவ துணைக்கு வருவா. எனக்குச் சொல்லிக் குடுக்குத மாதிரி எல்லாத்தையும் அவளுக்குச் சொல்லிக் குடுத்திருங்க."

டாக்டர் ஏனோ வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். பிறகு சம்மதித்தார்.

நடிப்பென்றால் அப்படியொரு நடிப்பு! "மனசுல என்ன ஓடுது?" என்று ஜோதியை வைத்துக்கொண்டே டாக்டர் கேட்டபோது, கற்பனையாக ஒன்றும் வாயில் வராமல் சொந்தக் கதையையே எடுத்துவிட்டார்.

"பரமசிவன் அண்ணன் நெஞ்சு வலிக்குன்னான். வாயுவா இருக்கும்னு சுக்குக் கஷாயம் போட்டுக் குடுத்தேன். அப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருந்தா பிழைச்சிருப்பான். நான்தான் கொன்னுட்டேன். விடியுத வரைக்கும் இதேதான் ஓடுது."

கண்ணீர்கூடத் தானாக வந்தது. அடடா, சினிமாவுக்குப் போயிருக்கலாமே என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

"அந்த நினைப்போட சண்டை போடாதீங்க, அது பின்னாலயும் போகாதீங்க. 'இந்தா, வந்திருக்கு'ன்னு பாத்துட்டு மூச்சுக்குத் திரும்பிருங்க" என்றார் டாக்டர்.

ஜோதி கற்றுக்கொள்ள வேண்டுமே! தினமும் காலையில் அவளை எதிரே உட்கார வைத்துக்கொண்டு, செந்தில்வேல் சிரத்தையாகக் கண்ணை மூடி மூச்சைக் கவனித்தார்.

இன்று அருவியில் நல்ல தண்ணீர். ஆண்கள் பக்கம் போய்த் தலையைக் கொடுத்தார். வழக்கம்போல அண்ணன் நினைப்பு வந்தது. வந்திருக்கிறது என்று பார்த்தார். தோளில் தண்ணீர் விழுவதைக் கவனித்தார். கொஞ்ச நேரத்தில் அந்த நினைப்பு போய்விட்டது. அந்த நேரம் பார்த்துப் பெண்கள் பக்கத்திலிருந்து, அருவிச் சத்தத்தையும் மீறி ஒரு சிரிப்பு. ஜோதியேதான்! ஜெயித்துவிட்டோம் என்று செந்தில்வேல் தண்ணீருக்குள்ளேயே குதித்தார்.

கரையேறியதும் அவரால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

"ஏட்டி, ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாத. சீக்கு எனக்கில்ல. உன்னைக் குணமாக்கத்தான் நான் பேஷண்டா நடிச்சேன்!"

ஜோதிலட்சுமி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு துண்டை வாங்கி அவர் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள்.

"இப்ப ராத்திரி நல்லாத் தூங்குதீங்களா?"

"குறட்டை விட்டுல்லா தூங்குதேன்!"

"அண்ணன் போனதுல இருந்து விடிய விடிய முழிச்சுக் கிடந்தீங்க. உங்களுக்குன்னா டாக்டர் வாசலை மிதிக்க மாட்டீங்க, எனக்குன்னா ஓடுவீங்க. அதான் டாக்டரம்மாட்ட முதல்லயே சொல்லி வச்சிட்டு, சித்திரையில இருந்து மூஞ்சியத் தொங்கப் போட்டேன். சிரிக்காம இருக்க நான் பட்ட பாடு எனக்குல்லா தெரியும்!"