முதல் குடம்

படியில் இறங்கும்போதே, முன்னால் போன வேறொரு கூட்டத்தில் அந்தக் கொண்டையை அவள் கண்டுகொண்டாள். நரைத்துவிட்டது. ஆனால் இடப்பக்கமாகச் சரிந்த அந்தச் சரிவு மாறவில்லை.

ரெஜினா.

திரும்பி ஏறிவிடலாமென்றால் பின்னால் அவளுடைய மகளிர் குழு முழுக்க இறங்கிக்கொண்டிருந்தது. படியோ ஓராள் அகலம்.

கீழே செங்கல் வளைவுகள், தூண்கள். ஒரு காலத்தில் ஊருக்கே குடிநீர் தேக்கிய நிலத்தடித் தொட்டி. இப்போது காய்ந்து கிடந்தது.

"இங்கேருந்துதான் தெருக்குழாய்க்கெல்லாம் தண்ணி போச்சு" என்றார் சுற்றிக்காட்டியவர்.

போயிற்றே. அவள் தெருவுக்கும்தான் போயிற்று.

அவளும் ரெஜினாவும் அடுத்தடுத்த வீடு. ஒரே குழாய். ஒருநாள் விடியலில் யார் குடத்தையோ யாரோ பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். நீதான், நீதான் என்று தொடங்கிய சண்டை, தெருவே வேடிக்கை பார்க்க நாறிப்போனது.

அன்றைக்கு நின்ற பேச்சு நின்றதுதான்.

அதுகூடப் போகட்டும். குழாயடியில் சண்டை போடாதவர் யார்? ரெஜினாவின் வீட்டுக்காரர் இறந்தபோதும் இவள் போகவில்லை. நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போகவேண்டாமா? கதவைச் சாத்திக்கொண்டு, சவப்பெட்டி தெருமுனை தாண்டும்வரை உள்ளேயே நின்றாள். அந்த மாதமே ரெஜினா மகள் வீட்டோடு போய்விட்டாள்.

அதை நினைத்தால் இன்றும் இவளுக்குச் சோறு இறங்காது.

எதிரொலி கேட்கக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்கள். ஆளாளுக்குக் கூவித் தீர்த்தார்கள். சத்தம் அடங்கியதும் அவள் ரெஜினாவின் பக்கத்தில் போய் நின்றாள். மெல்லத்தான் சொன்னாள்.

"அக்கா, அண்ணன் போனப்ப நான் வந்திருக்கணும்."

பாழாய்ப்போன தொட்டி. மெல்லச் சொன்னதையும் தூண் தூணாகக் கொண்டுபோய்ச் சொன்னது.

வந்திருக்கணும்.

வந்திருக்கணும்.

இரண்டு கூட்டமும் திரும்பிப் பார்த்தது. அவளுக்கு மானமே போயிற்று.

ரெஜினா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ வருவேன்னுதான் வாசலப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்" என்றாள்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தாள். அவளும் பின்னாலேயே போனாள்.

ஏறும் படியில் வரிசை கட்டிவிட்டது. ரெஜினாவின் முறை வந்தது. காலை வைக்கப் போனவள் ஒதுங்கி நின்றாள்.

"நீ முன்னாடி போ."

"ஐயோ, நீங்க போங்கக்கா."

"போடின்னா."

அவள் நகரவில்லை. ரெஜினாவும் நகரவில்லை.

"ரெண்டு பேர்ல யாராச்சும் ஒருத்தர் ஏறுங்கம்மா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் எரிந்து விழுந்தது.

ரெஜினா வெடுக்கென்று திரும்பினாள். குழாயடியில் கேட்ட அதே குரல்.

"கொஞ்சம் பொறுங்கம்மா. நாங்க பேசிக்கிட்டிருக்கோம்ல?"