கல்யாணப் பட்டுக்கு ஒரு ஜாக்கெட்

“சார், நீங்க எடுத்தது கிரீம் இல்ல. சந்தனம்,” என்றாள் கடைப்பெண் சத்யப்பிரியா.

தேவநேசனின் உள்ளங்கையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பட்டுத்துண்டு இருந்தது. மனைவி எப்சியின் கல்யாணப் பட்டில், இடுப்பில் செருகினால் வெளியே தெரியாத முனையில், அவரே கத்தரித்து எடுத்தது.

மில்லில் முப்பத்துநாலு வருஷம் வேலை பார்த்தவர். நூலைத் தடவிப் பார்த்தே என்ன கவுண்ட் என்று சொல்லிவிடுவார். நிறம் என்று வந்துவிட்டால் மட்டும் மனிதர் சுத்தப் பூஜ்யம்.

அவர் வாங்கி வந்த ஜாக்கெட் துணி எதுவும் எந்தச் சேலைக்கும் சேர்ந்ததில்லை. மறுநாளே எப்சி அதே கடைக்குப் போய் மாற்றிக்கொண்டு வருவாள். கடைக்காரரிடமும் அவரைப் பற்றிச் சொல்லிச் சிரித்துவிட்டுத்தான் வருவாள்.

இன்றைக்கு மாற்ற நேரமில்லை. நாலு மணிக்கு எப்சி இந்தப் பட்டை உடுத்தி ஆலயத்துக்குப் போக வேண்டும். சேராத ஜாக்கெட்டோடு அவள் வாசல் தாண்டியதே இல்லை.

கல்யாண ஜாக்கெட் டிரங்குப் பெட்டியிலேயே இற்றுப்போயிருந்தது. எடுத்த கையோடு கிழிந்து வந்தது. “ஏதோ ஒரு வெள்ளை ஜாக்கெட் போதும், யார் பார்க்கப் போறா” என்று சொல்லிவிட்டாள் எப்சியின் தங்கை எலினா. அவருக்கு மனசு கேட்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் பின்வாசல் வழியாக வந்துவிட்டார்.

சத்யப்பிரியா ஏழெட்டு வெள்ளைகளை விரித்துப் போட்டாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

“கல்யாண நாளா சார்?”

“முப்பத்தொரு வருசம் ஆச்சும்மா,” என்றார் தேவநேசன்.

அதில் பொய் ஒன்றும் இல்லை.

பெரிய கடைகள் நாலு ஏறி இறங்கியாயிற்று. ஒவ்வொரு கடையிலும் துணியை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் வைத்துப் பார்த்தார். டியூப் லைட்டை நம்பாதீங்க என்பது எப்சி படித்துப் படித்துச் சொன்ன பாடம். வெயிலில் எல்லாத் துணியும் பளீரென்று இருந்தது. பட்டுத்துண்டு மட்டும் தனியாகத் தெரிந்தது.

கடைசியில் அம்பலப்புளி பஜாருக்குள் நுழைந்தார்.

பாத்திரக் கடை, கயிற்றுக் கடை, நாட்டு மருந்துக் கடை என்று ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கிற பழைய பஜார். எப்சி இங்கே வந்தால் அவர் தெருமுனையில் டீ குடித்தபடி நின்றுவிடுவார். இத்தனை வருஷமும் உள்ளே வராமல் போனோமே என்று இன்றைக்குத்தான் வருத்தமாக இருந்தது. எந்தக் கடையில் நிற்பாள், எங்கே பேரம் பேசுவாள், ஒன்றும் தெரியவில்லை.

சட்டைப்பையில் போன் மூன்றாவது தடவையாக அதிர்ந்தது. எலினாதான். அவர் எடுக்கவில்லை.

கயிற்றுக் கடைக்கு அடுத்து, போர்டில் பெயர் அழிந்துபோன ஒரு ஜவுளிக்கடை. கல்லாவில் இருந்த சங்கையா துண்டை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“எத்தனை வருசத்துப் பட்டு?”

தேவநேசன் சொன்னார்.

“பொறவு புதுக்கடையில எம்புட்டு தேடினாலும் எப்படிக் கிடைக்கும்? இது பழுத்த வெள்ளைல்லா.”

ஸ்டூல் போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து பழுப்புத் தாள் சுற்றிய ஒரு கட்டை இறக்கினார். டூ பை டூ ரூபியா என்கிற ஜாக்கெட் துணி, வருஷக்கணக்காக விலை போகாமல் கிடந்தது. மேல் மடிப்பு மஞ்சளாகவே போயிருந்தது. உள்ளே போகப் போக வெளுத்துக்கொண்டு வந்தது. மடிப்பு மடிப்பாகப் பிரித்துப் பட்டுத்துண்டை வைத்துப் பார்த்தார்கள். நாலாவது மடிப்பில் துண்டு எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை.

தேவநேசன் அதை வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் வைத்துப் பார்த்தார். அப்போதும் தெரியவில்லை.

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உடனே யாரிடமாவது காட்ட வேண்டும்போல் இருந்தது. யாரிடம் என்று நினைத்ததும் துணியை மடித்துக்கொண்டு உள்ளே திரும்பினார்.

கடை வாசலிலேயே தையல்காரர் மாரிசாமி மெஷின் போட்டிருந்தார். அவசரம் என்றதும், கையிலிருந்த வேலையை ஓரமாக வைத்துவிட்டு, தேவநேசன் கையோடு கொண்டுவந்திருந்த எப்சியின் அளவு ஜாக்கெட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். இந்த வருஷம் மட்டும் இரண்டு தடவை பிடித்துத் தைத்த ஜாக்கெட் அது.

“அக்கா ரொம்ப மெலிஞ்சிட்டாவளோ?”

“ஆமா.”

“அப்போ உள்ள ஒரு இஞ்ச் விட்டுத் தைக்கேன் சார். உடம்பு தேறினதும் பிரிச்சு விட்டுக்கிடலாம்.”

தேவநேசன் மெஷின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“விட்டே தைங்க,” என்றார். “அவளும் அப்படித்தான் சொல்லுவா.”

ஜாக்கெட் கைக்கு வரும்போது மணி இரண்டரை. மடிப்புக் கலையாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அந்த வயசிலும் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

அவருடைய தெருவில் பந்தல் போட்டிருந்தார்கள். நீல நாற்காலிகளில் இருந்தவர்கள் அவரைக் கண்டதும் எழுந்து வழிவிட்டார்கள். உள்ளே ஐஸ் பெட்டியின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

எலினா நடைக்கு ஓடி வந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. ஒரு கையில் வெள்ளை ஜாக்கெட், இன்னொரு கையில் கத்தரிக்கோல்.

“எங்க அத்தான் போனீய? பெட்டியத் திறக்க உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்.”

தேவநேசன் பார்சலை நீட்டினார்.

“முதுகுப் பக்கம் வெட்டாம போட்டுவிடும்மா,” என்றார். “அளவு சரியா இருக்கும்.”