ஒரு படமும் தேறவில்லை

"அழிச்ச போட்டோ திரும்ப வருமா, வராதா? அதை மட்டும் சொல்லும்மா."

கம்ப்யூட்டர் கடைக்குள் வந்தவர் ஒரு சின்ன டிஜிட்டல் கேமராவை வினிதாவின் மேஜைமேல் வைத்தார். சாம்பல் நிறச் சட்டை. பாக்கெட்டில் குத்தியிருந்த பேட்ஜில் 'பெரியதம்பி, சூப்பர்வைசர்' என்று இருந்தது.

வினிதாவுக்கு அந்தச் சட்டையைத் தெரியும். அவள் குடியிருக்கும் லைன் வீட்டில், பக்கத்து வீட்டுக் கொடியில் தினமும் அதே கம்பெனிச் சட்டைதான் காயும். மூன்று வாரமாகக் காயவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால்தான் பக்கத்து வீட்டு முத்துமணியின் நாலு விரல்கள் பிரஸ் மிஷினில் மாட்டிப் போயின. மிஷினுக்கு முன்னாலிருக்கும் தடுப்பை முத்துமணியே கழற்றிவிட்டு வேலை பார்த்ததாகக் கம்பெனி சொல்கிறது. அப்படியென்றால் நஷ்டஈடு கிடையாது.

"அந்தத் தடுப்பு மாசக்கணக்கா கழட்டித்தான் கெடந்துச்சாம் வினிதா. கை மாட்டுன அன்னைக்கே சூப்பர்வைசர் போட்டோவும் எடுத்தாராம். இப்ப எடுக்கவே இல்லைங்கறாங்க" என்று நேற்றுக்கூடக் குழாயடியில் அழுதாள் முத்துமணியின் மனைவி சரஸ்வதி.

"என்ன போட்டோ சார்?" என்று ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்டாள் வினிதா.

"பிரஸ் மிஷின் போட்டோ, எட்டு. மேனேஜர் சொன்னார்னு அவர் எதிர்லயே அழிச்சேன். அழிச்சாலும் எடுத்துடலாம்னு யாரோ அவரைக் குழப்பி விட்டுட்டாங்க. நாளைக்கு லேபர் ஆபீஸ்ல கேமராவைக் காட்டணும். ஒண்ணும் வரலைன்னு பாத்து, லெட்டர்பேடுல எழுதிக் குடு."

கூட வந்திருந்த ஜீப் டிரைவர் கங்கப்பன் முகம் சுளித்தான். "அதெல்லாம் எதுக்கு சார் இவங்ககிட்ட? பஸ் ஸ்டாண்டாண்ட எவ்ளோ பெரிய கடைங்க இருக்குது. அதை விட்டுட்டு மூக்கண்டப்பள்ளிச் சந்துக்குள்ள வந்து நிக்கிறோம்."

"பெரிய கடைன்னா நாலு பேர் எட்டிப் பாப்பான். சும்மா இருய்யா."

வினிதா கேமராவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அழிச்சதுக்கப்புறம் இதுல புதுசா ஏதாவது எடுத்தீங்களா சார்?"

"ஒண்ணுகூட எடுக்கலை. கேமராவை ஆன் பண்ணவே இல்லை."

அவளுக்கு மூச்சு வந்தது. அழித்த படம் கார்டை விட்டு எங்கேயும் போகாது. அதன்மேல் புதுப் படம் ஏறினால்தான் போச்சு. அது தெரியாத மனுஷனாக இருக்கிறாரே, அதுவரைக்கும் நல்லது.

"அரை மணி நேரம் ஆகும் சார்."

"ஆகட்டும். வாய்யா கங்கப்பா, டீ குடிச்சுட்டு வரலாம்."

"மேனேஜர் என்னைக் கேமரா பக்கத்துலயே இருக்கச் சொன்னாரு சார்."

"ஏன், அதுக்குக் கால் மொளைச்சு ஓடிடுமா? மொனைக் கடையில சூடா போண்டா போடறான், வா." தோளில் கைபோட்டு இழுத்துக்கொண்டே போனார்.

அங்கே ஒருத்தர் சோற்றைப் பிசையக் கையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார், இவருக்குப் போண்டா கேட்கிறது என்று நினைத்தபடி வினிதா கார்டைக் கழற்றி ரீடரில் செருகினாள்.

பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது. ஆயுதபூஜைப் படங்கள் வந்தன. அப்புறம் பிரஸ் மிஷின். தரையில் ஒரு நீலக் கையுறை. அதை அவளால் பார்க்க முடியவில்லை. அடுத்தது, அடுத்தது என்று தட்டினாள்.

ஆறாவது படம் பாதிதான் திறந்தது. மேலே சுவரின் மூலை, கீழே வெறும் சாம்பல் பட்டை. தடுப்பு இருந்தால் அந்தப் பட்டைக்குள்தான் இருக்க வேண்டும். திரும்பத் திறந்தாள், அதே பட்டை. வேறொரு சாஃப்ட்வேரைப் போட்டு முதலிலிருந்து தேடவிட்டாள். கடிகாரம் பதினைந்து நிமிஷத்தைத் தின்றது.

இந்தத் தடவை படம் முழுசாகத் திறந்தது. மூலையில் சாய்ந்து கிடந்தது தடுப்பு. மேலெல்லாம் ஒட்டடை. முத்துமணி அன்றைக்குக் காலையில் கழற்றியிருந்தால் அதற்குள் ஒட்டடை கட்டுமா?

எட்டையும் சி.டி.யில் போட்டாள். சி.டி. வெளியே வந்ததும் டிபன் பாக்ஸ் பைக்குள் செருகினாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போது திரையில் காலிப் பெட்டி ஒன்றுதான் இருந்தது.

"என்னம்மா ஆச்சு?" என்றார் பெரியதம்பி.

"எதுவும் வரலை சார். ரெண்டு சாஃப்ட்வேர் போட்டுப் பாத்துட்டேன். சுத்தமா போயிடுச்சு."

கங்கப்பன் திரைக்குள் தலையை விடாத குறையாகப் பார்த்தான். பிறகு செல்போனில் மேனேஜரைக் கூப்பிட்டு, ஒன்றும் இல்லை, எல்லாம் போய்விட்டது என்று கன்னடத்தில் சொன்னான். "ஏனூ இல்ல சார். எல்லா ஹோய்து." அவன் முகம் மலர்ந்துவிட்டது.

'சோதித்ததில் ஒரு படமும் தேறவில்லை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையை அழுத்தினாள் வினிதா. பொய்தான். பெரியதம்பி அதை இரண்டு தடவை படித்துவிட்டு மடித்துப் பாக்கெட்டில் வைத்தார்.

"போய் வண்டியை எடுய்யா" என்று கேமராவைக் கங்கப்பனிடம் கொடுத்து அனுப்பினார். தானும் படியிறங்கினார். ஜீப் உறுமியது.

"அட, பேனாவை வச்சுட்டேன்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டு திரும்பி உள்ளே வந்தார். மேஜைமேல் குனிந்தவர் நிமிரவில்லை.

"ஒட்டடையோட எடுத்தேனே, அது நல்லா வந்துச்சாம்மா?"

வினிதாவின் கை தன்னையறியாமல் டிபன் பாக்ஸ் பையைப் பற்றியது. பெரியதம்பி அதைப் பார்த்துத் தலையசைத்தார்.

"சரஸ்வதிக்குப் பக்கத்து வீட்டுப் பொண்ணு கடை எதுன்னு விசாரிச்சுட்டுத்தான் இங்க வந்தேன். அதை அவகிட்டக் குடுக்கும்போது என் பேரை மட்டும் சொல்லிடாத தாயி."