வால் வெச்ச பொட்டலம்

"தூ! இதுவா உங்கம்மா பொட்டலம்? செருப்பை மடிச்சு அவிச்சு வெச்சிருக்கே."

தட்டு பறந்து போய்ச் சுவத்துல அடிச்சுது. பெரியவருக்கு இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல. அந்தப் பலமெல்லாம் சேர்ந்து வாய்க்கும் கைக்கும் ஏறிடுச்சு போல.

மக குனிஞ்சா. கீழ கெடந்ததைப் பொறுக்குனா. நாள் பூரா தையல் மெஷின் முன்னாடி குனியறவளுக்கு இன்னும் ஒரு தடவை குனியறதுல என்ன வந்துது.

பொட்டலம்னா வேற ஒண்ணும் இல்ல. மாவைத் தட்டி, நடுவுல கொத்துக்கறி வெச்சு, ஓரத்தைச் சுருக்கி மடிச்சு, ஆவியில வேக வெக்கிறது. ஊருல அதுக்கு என்ன பேரோ, அந்த வீட்டுல அது பொட்டலம்.

அம்மா போனதுலேர்ந்து மக வீட்டுல கெடக்கற பெரியவருக்கு அது ஒண்ணுதான் கேட்டுச்சு. கெடைக்கலைன்னா ராத்திரி பூரா கத்தல். மாடியில இருக்கற வீட்டுக்காரர் கறாரா சொல்லிட்டார்: "ஒண்ணு அவர் வாய் அடங்கணும், இல்ல நீங்க வீட்டைக் காலி பண்ணணும்."

"முதியோர் இல்லத்துல சொல்லி வெச்சிருக்கேன்க்கா, கொண்டு போய் விட்டுடலாம்"னான் தம்பி. மூலையில உக்காந்து அம்மாவோட தகரப் பெட்டியைக் காலி பண்ணிக்கிட்டு இருந்தான்.

"இன்னும் ஒரு தடவை செஞ்சு பாக்கறேன்டா. அம்மா சமாளிச்சாளே."

"அம்மா எங்க சமாளிச்சா? ஊட்டி வளத்தா."

அதுவும் நெசம்தான். அந்தக் காலத்துல இவர் குடிச்சுட்டுத் தள்ளாடிக்கிட்டு வருவார்னு தெரிஞ்ச சாயங்காலம்னா, அம்மா அடுப்புல பொட்டலம் வேகும். புள்ளைங்களோடது மொட்டையா இருக்கும். இவரோடதுக்கு மட்டும் நுனியைத் திருகி ஒரு வால். தம்பி ஒருநாள் தெரியாம வால் வெச்சதுல கைய வெச்சான். கரண்டியாலயே ஒண்ணு போட்டா. அம்மா கை ஓங்கினது அந்த ஒரு தடவைதான்.

"பெல்ட்டால நம்மள அடிச்ச ஆளுக்கு விருந்து. அடி வாங்குன நமக்கு மொட்டை"ன்னு மக பல்லைக் கடிச்சா. அவளுக்கு அந்தக் காந்தல் இன்னும் ஆறல. போன வருசம் அம்மா ஒரு டப்பா நிறையப் பொட்டலம் எடுத்துக்கிட்டு வாசல்ல வந்து நின்னப்ப, "யாருக்கு வால் வெச்சியோ அவருக்கே கொண்டு போய்க் குடு"ன்னு கதவைச் சாத்துனவ அவ. அம்மா அப்புறம் வரல. சாவு சேதிதான் வந்துது.

"அக்கா, இதப் பாரேன். பெட்டி நிறைய மாத்திரை அட்டை. எல்லாம் காலி."

"தூக்க மாத்திரைடா. தூக்கம் வரலை, தூக்கம் வரலைன்னு டாக்டர் வாசலே கதின்னு கெடப்பா இல்ல? புருசனை அடக்கத் துப்பில்ல. தான் மட்டும் ஒண்ணைப் போட்டுக்கிட்டு நிம்மதியாத் தூங்கிட்டா மகராசி."

"என்ன அங்க குசுகுசுன்னு? வால் எங்க, உங்கம்மா போடற கசப்பு எங்க?"ன்னு கட்டில்லேர்ந்து ஒரு சத்தம்.

"கசப்புக்கு வெந்தயம் போட்டாச்சு. பூண்டைக் கருக்கிப் போட்டாச்சு. எலுமிச்சைத் தோலும் போட்டாச்சு. இனி என் வாயைத்தான் அரைச்சுப் போடணும்."

"போடு, சரியா இருக்கும்"னு சொல்லிட்டுப் பெரியவரே சிரிச்சார். சிரிச்சதுல கொஞ்சம் எளகிட்டார். "அதெல்லாம் இல்லடி. என்னோடதுக்குன்னு தனியா, சின்ன உரல்ல எதையோ நுணுக்கிப் போடுவா. கேட்டா, 'உங்களுக்குன்னு போடறது, கம்முனு சாப்பிடுங்க'ம்பா. புருசன்னா அம்புட்டு உசிரு அவளுக்கு."

"அப்படி என்ன ருசி அதுல?"

"ருசியா? தின்னு கை கழுவறதுக்குள்ள கண்ணைச் சொக்கும். வெட்டிப் போட்ட மரமா விழுந்துடுவேன். எவ்வளவு கோவத்துல வந்திருந்தாலும் சரி, பெல்ட்டைக் கழட்டணும்னு நெனைப்பேன், கை எந்திரிக்காது. நீயும் அந்த மாதிரி ஒண்ணு செஞ்சு குடு. நானும் தூங்குவேன், நீங்களும் தூங்கலாம்."

மக கை மாவுக்குள்ள அப்படியே நின்னுபோச்சு.

தம்பி மடியில கெடந்த அட்டைங்களைப் பாத்தான். ஒண்ணொண்ணா எடுத்துத் திருப்பிப் பாத்தான். பொட்டலம் வெந்த சாயங்காலம் எதுலயும் பெல்ட் வெளிய வந்ததா அவனுக்கு ஞாபகமே இல்ல.

"அக்கா." ஒரு அட்டையை அவ பக்கம் நீட்டுனான். "அம்மா தூங்கி நீ பாத்திருக்கியா?"

மக கையில இருந்த மாவோட நுனியை மெதுவாத் திருகுனா. வால் வந்துது.

"பாத்தேன்டா, ஒரே ஒரு தடவை. அவளைத் தூக்கிட்டுப் போன அன்னைக்கு."